மைனஸ் 25216

மலருக்குக் கட்டுரை கேட்டதும் ‘கணினியின் நன்மைகள்’ என்று எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். அதனால் நான் மைனஸ் 25216 பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவது கனவிலும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, தனக்கு பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை, “படிக்கிற பிள்ளைக்கு ஆகட்டும்” என்று இரவல் தந்தார். பேட்டரி போய்விட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். இருந்தாலும் எனக்கு அது தேர்தான்!

2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப் அது. ஆன் செய்ததும் ‘விண்டோஸா, பாஸ் லினக்ஸா?’ என்று கேட்கும். விண்டோஸ் பக்கம் போனால் நோட்பேட் இருந்தது, பெயிண்ட் இருந்தது, சி புரோகிராம் ஓட்ட ஒன்றும் இல்லை. இறக்கிக்கொள்ளலாம் என்றால் எங்கள் தெருவில் போன் டேட்டா ஆமை வேகம். பாஸ் பக்கம் (சி-டாக் உருவாக்கி 2007-இல் முதலில் வெளியிட்டது) ஜி.சி.சி. என்று டைப் அடித்தேன். இருந்தது! பைத்தானும் இருந்தது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “ஏந்தாயி, மிக்ஸி வாங்குனா ஜார் மூணும் சேந்துதான வருது. இந்தப் பொட்டிக்கு மட்டும் ஏன் ஒண்ணுல வருது, ஒண்ணுல வரல?”

பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். 1981-இல் வந்த பிபிசி மைக்ரோவில் சுவிட்சைப் போட்டதுமே பேசிக் மொழி காத்திருக்குமாம். 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் அந்த மெஷின்தான். ஐ.பி.எம். பி.சி.யிலும் பேசிக் உள்ளேயே இருந்தது. 1984-இல் வந்த மேக்கின்டோஷோடு எழுத ஒன்று, வரைய ஒன்று என்று மேக்ரைட்டும் மேக்பெயிண்டும் வந்தன. ஹைப்பர்கார்டு சேர்ந்து வர 1987 ஆகிவிட்டது. டாஸ் 5-இல் கியூபேசிக் இருந்தது, விண்டோஸ் 95 வந்தபோது சி.டி.யின் ஏதோ ஓர் ஓரத்து ஃபோல்டருக்குள் போய் ஒளிந்துகொண்டது. வேலை பார்க்க வாங்குபவர்கள் கூடக்கூட, புரோகிராம் எழுதும் சாமான் தனிக் கடைச்சரக்காகிவிட்டது போலிருக்கிறது. போர்லாண்டின் டர்போ பாஸ்கல் 1983-இல் 49.95 டாலர். அதுவே அப்போது மலிவு! (விண்டோஸ் 10-இலும் டாட்நெட் ஃபோல்டருக்குள் சி ஷார்ப் கம்பைலர் ஒன்று கிடக்கிறது என்று ஒரு சீனியர் பிறகு காட்டினார். யார் போய் அங்கே தேடுவது?)

சரி, கதைக்கு வருகிறேன். மாடல் பிராக்டிகலில் எனக்கு ஃபேக்டோரியல். வீட்டில் பத்து தடவை ஓட்டிப் பார்த்தது. நம் லேபில் டாஸ்பாக்ஸில் டர்போ சி. 5 கொடுத்தேன், 120. 7 கொடுத்தேன், 5040. சார் வந்து 8 கொடுத்தார். மைனஸ் 25216!

“என்னம்மா, ஃபேக்டோரியல் மைனஸ்ல வருமா?”

லேபே சிரித்தது. வீட்டில் 40320 வந்ததே என்றேன். “வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம்மா” என்றார். மார்க் போனது. அரியர் விழுந்தால் அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? பஸ்ஸில் ரெக்கார்டு நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சமயநல்லூர் தாண்டும்போது பிடிபட்டது. 65536-இல் 40320 போனால் 25216! டர்போ சி-யில் இன்ட் என்றால் இரண்டு பைட், 32767-க்கு மேல் கொள்ளாது. வீட்டு ஜி.சி.சி.யில் நாலு பைட். ஒரே புரோகிராம், படி மட்டும் வேறு.

அப்படியானால் வீட்டுப் படியும் எங்காவது வழியுமே? இரவு உட்கார்ந்து பார்த்தேன். 12 வரை சரி. 13-க்கு 1932053504 வந்தது. கையால் பெருக்கினால் 6227020800. மைனஸாவது தப்பு என்று கத்துகிறது. இது பிளஸ் போட்டுக்கொண்டு சாதுவாக நிற்கிறது! எனக்கு இதுதான் அதிகப் பயமாக இருந்தது.

போர்டு பிராக்டிகலில் குலுக்கலில் அதே கேள்வி. இந்தத் தடவை லாங் போட்டிருந்தேன். டர்போ சி-யிலும் அதற்கு நாலு பைட். 8-க்கு 40320 வந்தது. எக்ஸ்டர்னல் 13 அடித்தார். பெரிய நம்பர் வந்ததும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

“சார், இந்த ஆன்சர் தப்பு சார்” என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.