கோல் காக்கும் வித்தை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள சிறு கல்லூரி ஒன்றின் கால்பந்து மைதானத்துக்கு, மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூண்டு நிற்கும் அக்டோபர் மாதத்துப் பிற்பகலில் நான் சென்றது, அக்கல்லூரியிலேயே படித்து, அதே மைதானத்தில் கோல் காத்து, பின்பு வேறு ஊர்களில் ஜீவனம் நடத்திவிட்டு, இப்போது கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளராகத் திரும்பியிருக்கும் ஒருவரின் தொழிலை அருகிலிருந்து காணும் ஆவலால்தான்.

கோல்கீப்பர் என்றவுடன் நம் மனத்தில் எழுவது அந்தரத்தில் பாயும் உருவமே. 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட வாயிலுக்கு ஒருவனே காவல். 12 கஜ தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்படும் பெனால்டி 0.4 நொடியில் வந்து சேர்ந்துவிடும்; பாய்வதன்றி அவன் வேறென்ன செய்வான் என்று நினைக்கிறோம். ஆனால் இந்தப் பயிற்சியாளர் பாய்ச்சலுக்கு ஒதுக்கிய நேரம் சொற்பமே.

நீண்ட கயிறு ஒன்றின் முனைகளை இரு கம்பங்களிலும் கட்டி, நடுப்பகுதியைப் பந்து இருக்கும் இடம்வரை இழுத்து, அங்கே ஒரு முளையில் மாட்டினார். மாணவனைக் கோல் கோட்டின்மேல் நிறுத்திக் கைகளை விரிக்கச் சொன்னபோது, விரல்நுனிக்கும் கயிற்றுக்கும் இடையே இருபுறமும் ஓர் ஆள் படுக்கலாம் போன்ற வெளி கிடந்தது. அவன் அடிமேல் அடி வைத்து முன்னேற முன்னேற அந்த வெளி குறுகி, ஓர் எட்டில் எட்டிவிடும் அளவுக்கு வந்தது. “அங்கேயே நில். இன்னும் வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான்” என்றார். பிறகு மற்றவர்களை உதைக்கச் செய்துவிட்டு, பந்தை ஏறிட்டும் பாராமல், மாணவனின் பாதங்களையே கவனித்துக்கொண்டு நின்றார். எதிரியின் கால் பந்தில் படும் கணத்தில் காவலனின் இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒன்று அந்தரத்தில் இருந்தாலும் பாய்ச்சல் பிந்திவிடும். தவறு நேர்ந்தபோதெல்லாம், பந்து கையில் அகப்பட்டிருந்தாலும்கூட, அவர் நிறுத்தித் திருத்தினார். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதே பள்ளத்தாக்கில், ஆம்ஹர்ஸ்ட் நகரத்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்காகக் கோல் காத்த பிரியானா ஸ்கரி, 1999 மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சீனாவின் லியூ யிங் உதைத்த பெனால்டியைத் தடுத்தார். உதைக்கு முன்பே அவர் கோட்டைவிட்டு முன்னே வந்தது விதிக்கு இசைந்ததா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. விதியின் தீர்ப்பு எதுவாயினும், முன்வைத்த ஓரடியின் மதிப்பு எத்தகையது என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வரும் நிபுணர் எவரும் கயிறு கட்டிக் காட்டிவிடலாம். ஆயினும் அந்த மைதானம் கிழக்கு மேற்காக அமைந்திருப்பதையும், இலையுதிர்காலத்து மாலையில் கீழ்த்திசைக் கோலில் நிற்பவனின் கண்ணில் சூரியன் நேராக விழுவதையும், அப்போது உயர்ந்து வரும் பந்தை ஒரு கையால் நிழல் செய்துகொண்டு கணிக்க வேண்டியிருப்பதையும், அங்கேயே நின்று வெயிலைக் கண்ணில் வாங்கியவரே சொல்லித்தர வல்லவர். பழைய மாணவரைத் திரும்ப அழைப்பதை வெறும் பாசத்தின் காரியம் என்று கருதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அக்கல்லூரி அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவில் விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை வழங்க விதி இடந்தருவதில்லை. ஆகவே பிள்ளைகள் ஆட வருவது ஆசையினால் மட்டுமே. அணியில் கோல்கீப்பர்கள் மூவர். களத்தில் இடமோ ஒருவருக்கு. தாமும் முதலிரண்டு ஆண்டுகள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததாகப் பயிற்சியாளர் சொன்னார். பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பின், மூன்றாமவனைத் தனியே நிறுத்திக்கொண்டார்.

“சனிக்கிழமை நான் ஆடப்போவதில்லையே, கோச்!” என்றான் அவன்.

“தெரியும். கையுறையை நனைத்துக்கொண்டு வா, உலர்ந்த கையுறையில் பந்து நிற்காது” என்று சொல்லிவிட்டு, அவர் கயிற்றை மறுபடியும் கம்பத்தில் கட்டத் தொடங்கினார்.