கூடாரத்துக்குள் இரண்டு துப்பாக்கிகள்

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மான் வேட்டை ஒரு குடும்ப வழக்கம். பிள்ளைகளுடன் செல்வோர் பலர் மடக்குக் கூடாரமொன்றையும் முதுகில் சுமந்து செல்கின்றனர். சில நிமிடங்களில் அதனை விரித்துவிடலாம்.

அதன் உட்புறம் கறுப்பு. மான் வரும் பக்கத்துச் சாளரத்தை மட்டும் திறந்து, பின்புறத்தை மூடிவிட்டால், கருநிற உடையணிந்த பிள்ளை இருளோடு இருளாகிவிடும். சிறு அசைவையும் கண்டுகொள்ளும் மானின் முன், பிள்ளை நெளியலாம், கொட்டாவி விடலாம். மோப்பத்தை மாத்திரம் துணி மறைக்காது. காற்றின் திசையறிந்தே கூடாரமடிக்க வேண்டும். (பிஸ்கற் பைக்கற்றை வீட்டிலேயே பிரித்து வைப்பதும் நன்று!)

ஆனால், மானுக்கு மறைப்பது மனிதருக்கும் மறைக்கும். துணியோ சன்னத்தைத் தடுக்காது. ஆதலால், அம்மாநில இயற்கை வளத் திணைக்களத்தின் காணிகளில், துப்பாக்கி வேட்டைக் காலத்தில், கூடாரத்தின் வெளியே எத்திசையிலிருந்தும் தெரியுமாறு 144 சதுர அங்குலத்துக்குச் செம்மஞ்சள் போன்ற பளிச்சிடும் நிறம் இருக்க வேண்டும். மான் செம்மஞ்சளைப் பச்சையிலிருந்து பிரித்தறிவது அரிது. மனிதக் கண்ணுக்கோ அது நெருப்பு.

இவ்வளவு கவனமும் வெளியேயுள்ள துப்பாக்கிகள் குறித்தது. உள்ளே? 2017 நவம்பர் வரை, துணையுடன் வேட்டையாடவும் பத்து வயதாகியிருக்க வேண்டும். இருவருக்கும் ஓர் ஆயுதமே. அவ்விரு வரையறைகளும் அப்போது நீக்கப்பட்டன. பிள்ளை பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாற் போதும். ஆளோடு ஆள் முட்டும் கூடாரத்தில், ஏழு வயதுக் கையிலும் ஒரு துப்பாக்கி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலிரு பருவங்களுக்கு அக்கையில் ஒரு பைனாகுலர் போதும்.