பழவேற்காடு: இன்றைக்கு யார் முறை?

பொன்னேரியில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துக் கிழக்கே போனால் பழவேற்காடு. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பஸ் நிற்பதற்கு முன்பே மீன் வாசனை வந்து வரவேற்றுவிடும்.

காலையில் ஏரிக்கரை கலகலவென்று இருக்கும். படகுகளிலிருந்து இறாலும் நண்டும் மடவையும் கூடை கூடையாக இறங்கும். ஒரு பக்கம் ஏலம்; இன்னொரு பக்கம், "கடைசியா எவ்ளோம்மா?" என்று பேரம். உயிருள்ள நண்டின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டும் வேகத்தைப் பார்க்க இரண்டு கண் போதாது.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடிதான் தமிழ்நாட்டுக்கு. இங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். வலிமை உள்ளவரே அவற்றை வளைத்துக்கொள்ளாமல் இருக்க, ஊர் கூடி சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர், அடுத்த முறை வேறு இடத்துக்கு நகர வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் பாட்டில் பங்கு கிடையாது. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் ‘பறி’. அதைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே!

தெருக்களுக்குள் நடந்தால் நான்கு நூற்றாண்டுகள் எதிரே வரும். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி கப்பலேறிக் கீழ்த்திசை நாடுகளுக்குப் போனது. அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். கோட்டை இடிந்துவிட்டது. தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்! சற்றுத் தள்ளி மசூதி, மாதா கோயில். பனை ஓலையில் வண்ணப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்களின் கைவேலையை வாங்காமல் திரும்ப மனம் வராது.

இத்தனை பேரின் பிழைப்பும் ஒரே வாசலை நம்பியிருக்கிறது: ஏரி கடலைத் தொடும் முகத்துவாரம். அது திறந்திருந்தால்தான் கடல்நீரோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும். மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஏரியும் வாடும், அடுப்பும் அணையும். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்ப்பதும் இந்தப் பயத்தால்தான். கரை அரிக்கும், மணல் இடம் மாறும் என்கிறார்கள்.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அன்று வலைகள் கரையில் காய, பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கைதட்டுவார்கள்.

போக நினைப்பவர்கள் பனிக்காலத்தில் போகலாம். பூநாரைகள் கூட்டமாக வரும் காலம் அது. ஆனால் படகுச் சவாரிக்கு ஆசைப்பட வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்தவர்கள் பலர் உயிரிழந்த ஏரி இது. கரையில் நின்று பாருங்கள், மீன் வாங்குங்கள். பேரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அந்தக் கூடை நிறைய, ஒருவர் தன் முறைக்காக எத்தனையோ நாள் காத்திருந்திருப்பார்.