ஒரு பின், இரண்டு டிரைவர்கள்

கெர்னல் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் தவறாமல் கொண்டுவரும் புகார் மைனஸ் 16. ஒரு டிரைவர் வாங்கி வைத்திருக்கும் ஜிபிஐஓ பின்னை இன்னொரு டிரைவர் கேட்டால், ஆள் இருக்கிறது என்று லினக்ஸ் கெர்னல் சொல்லும் எண் அது. இரண்டாவது டிரைவரின் ப்ரோப் அங்கேயே நின்றுவிடும். "இதை எப்படித் தாண்டுவது சார்?" என்பார்கள். தாண்ட வேண்டாம், முதலில் ஸ்கீமாட்டிக்கை எடுங்கள் என்பேன். அந்த மறுப்பு கெர்னல் நமக்குச் செய்யும் உதவி.

ஹார்டுவேர்க்காரர்கள் நம்மைச் சோதிக்க ஒரு கம்பியை இரண்டு சிப்புக்கு இழுப்பதில்லை. ப்ராசஸரில் பின்கள் அளவாகத்தான் இருக்கும். ஒன்றை மிச்சம் பிடித்தால் போர்டில் இடமும் மிச்சம். அதனால் இரண்டு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே பவர்டவுன், திரைக்கும் டச்சுக்கும் ஒரே ரீசெட். மின்சாரத்துக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. ஒவ்வொரு டிரைவரும் அந்தப் பின் தனக்கே சொந்தம் என்று எண்ணி எழுதப்பட்டிருப்பதால் வருவது வம்பு.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் கீபோர்டைத் தொடுமுன் ஸ்கீமாட்டிக்கை அச்செடுத்துக்கொள்வார். பகிரப்படும் கம்பி ஒவ்வொன்றையும் கலர் பென்சிலால் முனை முதல் முனை வரை தீட்டுவார். புல்-அப் எங்கே, அடுத்த தாளில் அதே கம்பி வேறு பெயரில் போகிறதா என்று விரல் வைத்துக்கொண்டே போவார். பிறகு ஓரத்தில் மூன்று கேள்வி எழுதுவார். இந்தக் கம்பியில் யார் யார்? யாருக்கு லெவல் போதும், யாருக்குப் பல்ஸ் வேண்டும்? கீழே இழுத்தால் யாருக்கு அடி? மூன்றுக்கும் பதில் எழுதாமல் டிவைஸ் ட்ரீயில் ஒரு வரி சேர்க்க விடமாட்டார். அவசரப்படுத்தும் மேனேஜர்களிடமும் இதே பிடிவாதம்தான்.

லெவல் போதும் என்றால் வேலை எளிது. பங்குக் கிணற்று மோட்டார் மாதிரி. முதலில் பாய்ச்ச வருபவர் போட வேண்டும், கடைசியாகப் பாய்ச்சி முடிப்பவர் நிறுத்த வேண்டும். தன் வயல் நிரம்பிவிட்டது என்று நடுவில் யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. ரெகுலேட்டர் கோர் செய்வது இதைத்தான். ஒரே எனேபிள் பின்னைப் பல ரெகுலேட்டர்கள் பகிர்ந்தால் அந்தப் பின்னுக்கு ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளும். அது பூஜ்யத்துக்கு வந்தால்தான் அணைக்கும்.

2018-ல் நான்எக்ஸ்க்ளூசிவ் என்ற கொடி வந்ததும் இந்த ரெகுலேட்டர்களுக்காகவே. கேட்கும் இரண்டாமவரை மறுக்காமல் அதே பின்னை அவர் கையிலும் கொடுக்கும், அவ்வளவுதான். கணக்கு வைப்பது ரெகுலேட்டர் கோர். இது தெரியாமல் வேறு டிரைவரில் அந்தக் கொடியை ஒட்டினால் மைனஸ் 16 மறையும்; பிழை இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்களிடம் பழகிய ஒரு தம்பி, திரையும் டச்சும் ஒரே ரீசெட்டைப் பகிரும் போர்டுக்கு அப்படி ஒட்டிய பேட்சுடன் வந்தார். சில பூட்டில் திரை வருகிறது, சில பூட்டில் வெறும் வெள்ளை. இடையில் எம்எஸ்லீப் போட்டுப் பார்த்து, அதன் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார். ஆஸிலோஸ்கோப்பின் ஒரு ப்ரோபை ரீசெட் கம்பியிலும் மற்றொன்றைப் பேனலின் மின்சாரத்திலும் வைத்தோம். பேனல் டிரைவர் ரீசெட்டை விடுவித்து, டிஎஸ்ஐ வழியே தொடக்கக் கட்டளைகளை அனுப்பி முடித்த பின், டச் டிரைவர் எழுந்து தன் டேட்டாஷீட் சொன்னபடி அதே கம்பியைக் கீழே இழுத்து விட்டது. பேனல் கேட்டதையெல்லாம் மறந்துவிட்டது. டச் முந்திக்கொண்ட பூட்டில் மட்டும் எல்லாம் சரி. எந்த எம்எஸ்லீப்பும் இதற்கு மருந்தாகாது.

டச், ஐ2சி-ஹிட் வகை. அதனால் 2023-ல் கெர்னலுக்கு வந்த பேனல் ஃபாலோயரைப் பயன்படுத்தினோம். ரீசெட் பின் பேனலுக்கு மட்டும். டச்சின் நோடில் பேனலைச் சுட்டி ஒரு வரி. பேனல் எழுந்த பிறகே டச் எழும், பேனல் உறங்குமுன் டச் உறங்கிவிடும்.

பல்ஸை எண்ணிப் பகிர முடியாது என்பதை இதில் பிடித்துக்கொள்ளுங்கள். ரீசெட் கோரில் 2016 முதல் பகிர்வு ரீசெட் இருக்கிறது. முதல் டிஅசர்ட் கம்பியை விடுவிக்கும். கடைசி ஆளின் அசர்ட்தான் மறுபடி இழுக்கும். ஆகவே பகிர்வு ரீசெட்டை வாங்கிய டிரைவரில், அசர்ட் செய்தாயிற்று, சிப்பின் ரெஜிஸ்டர்கள் எல்லாம் பழைய நிலைக்கு வந்திருக்கும் என்று நம்பி அடுத்த வரியை எழுதாதீர்கள். 2024-ல் வந்த ரீசெட்-ஜிபிஐஓ டிரைவர் சாதாரண பின்னையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தது. ஒரே பவர்டவுன் கம்பியில் தொங்கும் குவால்காம் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர்களுக்காக எழுதப்பட்டது அது.

கைப்பழக்கத்தில் வருபவை சில உண்டு. பின்னைக் கேட்கும்போதே பின் அசையலாம். 'அவுட் லோ' என்று கேட்டால் வாங்கிய கணமே நிலை மாறும். பகிரும் இடத்தில், கேட்கும் வரியையும் இயக்கும் வரியாகவே படியுங்கள். ஆக்டிவ் லோ என்பதை இரண்டு நோடிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மாறினால் ஒருவர் போடுவது மற்றவருக்கு அணைப்பு. பின் ஐ2சி எக்ஸ்பாண்டரில் இருந்தால் அதைத் தொடும் டிரைவர் தூங்க நேரும், இன்டரப்ட் ஹேண்ட்லரில் தொட முடியாது.

சோதிக்கும்போது நல்ல வழியில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் பகிர்வுப் பிழை அகப்படாது. ஒரு ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போதே மற்றதன் டிரைவரை அன்பைண்ட் செய்யுங்கள். மாட்யூல்களைத் தலைகீழ் வரிசையில் ஏற்றுங்கள். சஸ்பெண்டுக்கு அனுப்பி எழுப்புங்கள். ஒவ்வொரு முறையும் டீபக்எஃப்எஸ்ஸில் ஜிபிஐஓ கோப்பைத் திறந்து, பின் யார் பெயரில், எந்த லெவலில் இருக்கிறது என்று பாருங்கள். அது சொல்வதை ஸ்கோப்பில் சரிபாருங்கள்.

டிவைஸ் ட்ரீயை முன்கூட்டியே அலசி, இரண்டு இடத்தில் சுட்டப்படும் பின்னைக் கண்டுபிடித்து நடுவில் ஒரு ப்ராக்ஸியை வைக்கும் வசதியும் இப்போது கெர்னலுக்கு வந்துவிட்டது. நல்லது. யார் யார் கேட்கிறார்கள் என்ற முதல் கேள்விக்கு இனி அதுவே பதில் கண்டுபிடிக்கும். பல்ஸ் யாருக்கு வேண்டும், அதனால் யாருக்கு அடி என்ற மற்ற இரண்டும் டேட்டாஷீட்டில் இருக்கின்றன. படிக்க ஆள் வேண்டும். படித்ததைக் கமிட் செய்தியிலும் எழுதிவிடுங்கள். அடுத்த போர்டில் அந்த டிரைவரைத் திறப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார்.