“மூச்சு வாங்குனா நட, வெக்கப்படாத!” - ரேஸ்கோர்ஸில் ஒரு நீட் மாணவி

நீட் தேர்வில் மொத்தம் 720 மதிப்பெண். 2023-ல் முதல்முறை எழுதியபோது அவள் வாங்கியது 295. அந்த எண் அப்பா, அம்மா இருவருக்கு மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம், “நானூத்துச் சொச்சம்” என்றுதான் சொன்னாள். முதல் தடவை சொல்லும்போது நாக்கு குழறியது. நாலாவது தடவை சரளமாக வந்துவிட்டது.

மதுரை செல்லூரில் வீடு. அப்பாவுக்குக் கீழமாசி வீதி மளிகை மொத்தக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. ‘இன்னொரு வருஷம் படிக்கட்டும்’ என்று கடன் வாங்கி கோச்சிங் சேர்த்துவிட்டார். காலை 8 மணிக்குப் போனால் திரும்ப இரவு 7 மணி. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. மறுநாள் மதிப்பெண் வரிசைப்படி பெஞ்ச் மாற்றி உட்கார வைப்பார்கள். (இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்களோ!) மூன்றே மாதத்தில் சுடிதார்கள் இறுகிப்போயின. மாடிப்படி ஏறினால் படபடப்பு. கேள்வித்தாளைக் கையில் வாங்கினாலும் அதே படபடப்பு. டாக்டரிடம் போனார்கள். ஈ.சி.ஜி, தைராய்டு எல்லாம் நார்மல். “தினமும் காலையில அரை மணி நேரம் நடம்மா” என்று அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் செப்டம்பரில் ஒருநாள், அப்பாவின் டி.வி.எஸ் எக்ஸெல்லில் ரேஸ்கோர்ஸ் வந்து சேர்ந்தாள். போர்டில் எம்.ஜி.ஆர் ஸ்டேடியம் என்று இருந்தாலும் மதுரைக்காரர்களுக்கு அது ரேஸ்கோர்ஸ்தான். விடிவதற்குள்ளேயே கூட்டம். சர்க்கரைக்காக நடக்கும் தாத்தாக்கள், ஹாக்கி மட்டையோடு பையன்கள், போலீஸ் வேலைக்குத் தயாராகும் பெண்கள். பத்து நாள் நடந்தாள். பதினோராவது நாள், ‘ஓடித்தான் பார்ப்போமே’ என்று தோன்றியது. 400 மீட்டர் டிராக்கில் பாதிச் சுற்றுகூடத் தாண்டவில்லை. விலாவில் குத்தல். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஷூ லேஸ் கட்டுவதுபோல உட்கார்ந்துகொண்டாள்.

பார்த்துவிட்டார் ஓர் அக்கா. காவலர் தேர்வுக்கு ஓடுகிறவர். “ஆரம்பத்துலயே இம்புட்டு வேகம் எதுக்கு பாப்பா? பேசிக்கிட்டே ஓட முடியுற மாதிரி ஓடு. மூச்சு வாங்குனா நட, வெக்கப்படாத.” பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். “போன தடவை மூணு செகண்டுல போச்சு எனக்கு” என்று அந்த அக்கா சொன்னார். தக்காளி விலை சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக! தோற்ற கணக்கை இப்படிக்கூடச் சொல்ல முடியுமா என்று அன்று முழுக்க அவளுக்கு அதே யோசனை.

மறுநாளிலிருந்து 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படியே அரை மணி நேரம், வாரத்துக்கு நாலு நாள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஓடினாள் என்று ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். ‘இன்று 6 முறை ஓட்டம். 7-வது முடியவில்லை.’ அங்கே பொய் எழுதத் தோன்றவில்லை. யாருக்குக் காட்டப்போகிறாள்? கொஞ்ச நாளில் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணும் அதே பக்கத்தில் ஏறியது. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. எத்தனை கேள்விக்குத் தெரியாமலே குத்துமதிப்பாக விடை போட்டோம் என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தாள். 41!

பதினொன்றாம் வகுப்பு என்.சி.ஈ.ஆர்.டி உயிரியல் புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி ரத்தம் அனுப்புகிறது, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக சுமார் 5 லிட்டர். விளையாட்டு வீரர்களின் இதயம் இதைவிட நிறைய அனுப்பும் என்றும் அங்கேயே இருக்கும். நூறு தடவை மனப்பாடம் செய்த பாடம். செப்டம்பரில், படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியபோது 92. ஜனவரியில் 74. பயிற்சியில் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தம் போகிறது, அதனால் இதயம் குறைவாகத் துடித்தாலே போதும். புத்தகத்தில் இருந்தது தன் உடம்புக்குள்ளும் நடப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

வீட்டில் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. “வயசுப்புள்ள, டி-ஷர்ட்டு போட்டுக்கிட்டு அம்புட்டுப் பேரு முன்னாடி குதிச்சு ஓடணுமா?” என்றார் அம்மா. துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டுதான் இரண்டு மாதம் ஓடினாள். ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது, ஓடும்போது சரியான உள்ளாடை இல்லாததால்தான் என்று அம்மாவிடமே சொன்னாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் கூட்டிப்போய், கடைக்காரப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில், “ஓடுற புள்ளைங்க போடுறது குடும்மா” என்று கேட்டு வாங்கிக்கொடுத்தார். துப்பட்டா பேச்சு அதோடு முடிந்தது.

பிப்ரவரியில் அந்த அக்கா உடல்தகுதித் தேர்வில் தேறினார். அதன்பின் மைதானத்துக்கு வரவில்லை. சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளமே மனிதத் தலைகளாக இருந்தபோது மூன்று நாள் ஓட்டம் கிடையாது. மற்றபடி விடவில்லை. மே 5 தேர்வுக்கு முந்தைய வாரம் நிற்காமல் 5 கிலோமீட்டர், 38 நிமிடம். பெரிய வேகமெல்லாம் இல்லை.

ஜூன் 4, 2024. நாடே தேர்தல் முடிவு பார்த்துக்கொண்டிருந்த நாளில் நீட் முடிவும் வந்தது. 426. முந்தைய வருஷத்தைவிட 131 அதிகம். அரசு இடத்துக்குப் போதாது.

பெரியம்மா போன் செய்தார். “எம்புட்டு பாப்பா?”

“426 பெரியம்மா.”

“ஏண்டி, போன வருஷமும் இதையேதான சொன்ன?”

அப்பா டி.வி சத்தத்தைக் குறைத்தார். அவள் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “இல்ல பெரியம்மா. போன வருஷம் 295. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றாள். எதிர்முனையில் பெரியம்மா என்ன சொன்னாரோ, “ஆமா பெரியம்மா... ஆமா” என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

“இன்னொரு வருஷம் வேணாம்ப்பா” என்று அப்பாவிடம் அன்றே சொல்லிவிட்டாள். பிசியோதெரபி படிக்க ஆசை, ப்ளஸ் டூ மார்க் போதும் என்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அப்பா முழுசாகப் படித்தார். கடைசிப் பக்கத்து ஓட்டக் கணக்கையும் சேர்த்து. பதில் சொல்லவில்லை. ஆனால், மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு வழக்கம்போல எக்ஸெல்லை ஸ்டார்ட் செய்துகொண்டு வாசலில் நின்றார்.

இப்போது பிசியோதெரபி படிக்கிறாள். விடுதி கேட் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். 5.30-க்குத் திறக்கச் சொல்லி, கூட ஓடும் மூன்று பெண்களிடமும் கையெழுத்து வாங்கி வார்டனிடம் மனு கொடுத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.