எண்பது விநாடி

எளாவூரில் என் வீட்டு வாசலில் ஒரு பி.எம்.டபிள்யூ. கார் நிற்கிறது. எம் 340 ஐ என்ற ரகம். இந்தப் பக்கங்களில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம்மில் பலர் அச்சுக் கூலிக்குக் கடன் வாங்கியவர்கள். செகண்ட் ஹாண்டில் வாங்கியது என்று சமாதானம் சொல்லிப் பார்க்கலாம். அந்த விலைக்கும் இங்கே ஒரு நல்ல வீடு கட்டிவிட முடியும்.

பெயர்தான் அந்நியம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் 2007இல் தொடங்கிய ஆலையில் உதிரிகளை ஒன்றுசேர்த்துச் செய்தது. 2021இல் இந்த ரகம் அங்கிருந்து வெளிவந்தபோது கம்பெனி சொன்ன கணக்கு: மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரை சக்தி, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. 250ஐத் தாண்டாதபடி மின்னணுவால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கட்டிப்போடாவிட்டாலும் எளாவூரில் தாண்டாது.

தினசரி வாழ்க்கை வேறு. காலையில் கொக்கின் எச்சத்தைத் துடைக்க வேண்டும். ஏரியின் உப்புக் காற்றில் பிரேக் தட்டுகளில் ஒரே இரவில் துரு பூத்துவிடும். முதலில் மிதிக்கும்போது கரகரத்து, பிறகு தானே தேய்ந்து போகும். வேகத்தடையில் வயிறு தட்டாமலிருக்கக் குறுக்காக ஏற்ற வேண்டும். சுண்ணாம்புக்குளம் போகும் வழியில் ஆடுகள் எழுந்து போகும்வரை 387 குதிரைகளும் காத்து நிற்கும். முன்பு 5 என்றும் இப்போது 16 என்றும் எண்ணிடப்பட்ட கல்கத்தா நெடுஞ்சாலை விடியற்காலையில் காலியாகக் கிடந்தால் மட்டும் ஒரே ஒரு முறை முழுக்க மிதிப்பேன். மாதத்துக்கு ஒரு தடவை. பதினெட்டு மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 80 விநாடி.

மற்ற நேரமெல்லாம் நான் எதற்குச் சொந்தக்காரன் என்று யோசித்தபோதுதான் பாடு ஞாபகம் வந்தது. அம்மா பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். அங்கே ஏரியில் மீன் படும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்த அன்று அந்த இடம் ஒருவனுடையது; மறுநாள் இன்னொருவனுடையது. இதைச் சொர்க்கமாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிற சாதியாருக்குப் பாடு கிடையாது, பெண்களுக்கும் கிடையாது. அம்மாவுக்கு வாய்த்தது மீன்கூடை மட்டும். ஆனாலும் முறை வராத நாளில் வலையைக் காயப்போட்டுவிட்டுச் சும்மா இருக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. வாசலில் நிற்கும் வேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. விற்றுவிடலாமென்று ஒரு தரகரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

போன மாசியில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சென்னையில் அறுவை முடிந்து எட்டாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வேறு வண்டி பார்க்கலாம் என்றான் தம்பி. நான் கேட்கவில்லை. இதற்காவது உதவட்டுமே என்கிற வீம்பு.

வேகத்துக்காக இறுக்கிச் செய்த வண்டி அது. சாலையில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூட முதுகுக்குச் சொல்லும். முதல் குழியில் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன். நாற்பது, முப்பது. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பிய பிறகு இருபதுகூட இல்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. பெடலின் மேல் கால் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாத அழுத்தம். அந்த எண்பது விநாடிகளில் ஒன்றில்கூட நான் இத்தனை கவனமாக வண்டி ஓட்டியதில்லை.

"இன்னாடா, இதுக்கு இவ்ளோதான் வேகமா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றேன்.

"போதும் போ" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.