சுவரின் உரிமையும் விரலின் உரிமையும்



மாங்காட்டில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில், உள்ளறை வாசலுக்கு மேலே ஒரு மரப்பலகை பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டடி நீளம், அதில் விரல் நுனிகள் பதியும் அளவுக்கு வெவ்வேறு ஆழத்தில் விளிம்புகள் செதுக்கப்பட்டுள்ளன. வீட்டிற்கு வருவோர் இதைப் புத்தகம் வைக்கும் பலகை என்றே முதலில் எண்ணுகின்றனர். பாறையேற்றம் பயில்வோர் தம் பிடிவலிமையைக் கூட்டிக்கொள்வதற்காகத் தொங்கிப் பழகும் பலகை அது. ஹேங்போர்டு என்பது அதன் பெயர். எங்கள் வீட்டில் தொங்குபலகை என்கிறோம்.

கேட்டவள் 14 வயது மகள். பள்ளியிலிருந்து அழைத்துச் சென்ற ஓரிடத்தில் செயற்கைச் சுவரில் ஏறிப் பார்த்த நாள் முதல் அவளுடைய பேச்சில் வேறொன்றும் இல்லை. உறவினர் சிலர், "பெண் பிள்ளைக்கு இது எதற்கு?" என்றனர். அக்கேள்வியை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. ஆயினும் மார்க்கச் சட்டத்தில் உலகியல் காரியங்களின் அடிப்படை ஆகுமானது என்பதே. தடுப்பவர்தாம் தடைக்குரிய ஆதாரத்தைக் காட்ட வேண்டும். உடை, பார்வை, தொழுகை நேரம் ஆகிய மூன்றும் பேணப்படுமாயின், ஏறுவதில் மட்டும் என்ன தடை இருக்க முடியும்?

இந்தோனேசியாவின் ஏரிஸ் சுசாந்தி ரஹாயூ ஹிஜாப் அணிந்து போட்டியிடும் பெண். 2019 அக்டோபரில் சீனாவின் ஷியாமென் நகரில் 15 மீட்டர் சுவரை அவர் 6.995 விநாடியில் ஏறி முடித்தார். பெண்களில் 7 விநாடிக்குள் ஏறிய முதலாமவர் அவரே. அதே நாட்டின் வெட்ரிக் லியனார்டோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே வேகப் பிரிவில் தங்கம் வென்றார். ஒருவர் சாதித்துவிட்டார் என்பது ஒரு செயலுக்கு மார்க்க ஆதாரம் ஆகாது. ஆயினும் 'நம்மவர்க்கு இது ஒவ்வாது' என்னும் பேச்சு உண்மையன்று என்பதை அது காட்டுகிறது.

பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர் என்னும் கருத்துடைய நபிமொழியை இத்தகைய இடங்களில் பலரும் எடுத்துக்காட்டுவர். அங்குக் கூறப்படும் பலம் மறுமைக் காரியங்களில் உள்ள மன உறுதியே என இமாம் நவவீ (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். எனவே அதைப் பலகைக்குச் சான்றாக்க நாங்கள் விரும்பவில்லை. எங்களுக்கு வழிகாட்டியவை வேறு இரண்டு நபிமொழிகள்: ஒன்று சுவரைப் பற்றியது, மற்றொன்று உடலைப் பற்றியது.

சுவர்

அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதித்துக்கொள்வதை எவரும் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மதரஸாவில் இப்பாடம் வரும்போதெல்லாம் மாணவர் புன்னகைப்பர். சுவரும் கட்டையும்கூட ஹதீஸில் வருமா என்று வியப்பர். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள், தேவை இருந்து தீங்கும் இல்லையெனில் இடம்கொடுப்பது சுவருக்குரியவரின் கடமை என்றார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் பிரபலமான கருத்தில் அது விரும்பத்தக்க நற்பண்பு. உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த நபிமொழி சுவரை உடையவரை நோக்கிப் பேசுகிறது. சுவர் தேவைப்படுபவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, 'நீர் தடுக்கக்கூடாது' என்று பிறருடைய வீட்டில் துளையிடப் புகுவதற்காக அது சொல்லப்படவில்லை. வாடகைதாரருக்கோ வீடு அமானிதம். ஆகவே பலகை வாங்குவதற்கு முன்பே உரிமையாளரைச் சென்று கண்டோம். அவர் சற்று யோசித்து, "லிண்டல்ல போடுங்க பாய், மத்த சுவர் வேணாம். அது நாலரை இஞ்சு சுவர்தான்" என்றார்.

அந்த ஒரு சொல் பெரிய உதவியாயிற்று. சுவரின் மேற்பூச்சு எடையைத் தாங்குவதன்று. அதில் மட்டும் பதிந்த திருகு ஒரே இழுப்பில் பெயர்ந்துவிடும். மெல்லிய செங்கல் சுவரும், உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் சுவரும் நம்பத்தக்கவை அல்ல. வாசலுக்கு மேலுள்ள லிண்டல் கம்பி கட்டிய கான்கிரீட். அதுவே தகுந்த இடம். ஆனால் அதன் கீழ் விளிம்பை ஒட்டித் துளையிட்டால் டிரில் கம்பியில் மோதும், கான்கிரீட்டும் சிதறும். உள்ளே மின்குழாய் ஓடும் பாதையையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

தொங்குபவரின் எடை கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. பலகையின் மேற்பகுதியைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கவும் முயல்கிறது. துள்ளிப் பிடித்தால் அந்த இழுப்பு உடல் எடையையும் மிஞ்சும். எனவே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை முதலில் ஆங்கர் போல்ட்டுகளால் கான்கிரீட்டில் இறுக்கி, அதன்மேல் பலகையைத் திருகினோம். பின்னாளில் பலகையை மாற்ற நேர்ந்தாலும் சுவரில் புதிய துளை வேண்டியதில்லை. வீட்டைக் காலி செய்யும்போது துளைகளை அடைத்து வண்ணம் பூசித் தருவதாக எழுதியும் கொடுத்தோம்.

மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. குழந்தை விழித்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, அந்நேரத்தில் தச்சரை வரவழைத்தோம். வேலை முடிந்ததும் வீட்டில் எடை மிகுந்தவர் முதலில் தொங்கிச் சோதித்த பின்னரே மகள் பலகையைத் தொட்டாள்.

விரல்

பகலெல்லாம் நோன்பிருந்து இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமை இருப்பதை நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்திலேயே உடலின் உரிமை கவனிக்கப்பட வேண்டுமெனில், விளையாட்டில் எவ்வளவு கவனிக்கப்பட வேண்டும்!

விரல்களை மடக்கும் வலிமையான தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. நீண்ட தசைநாண்கள் அங்கிருந்து வந்து விரலெலும்பை இழுக்கின்றன. அந்நாண்கள் எலும்பை விட்டு விலகாதபடி சிறு பட்டைகள் பிடித்து வைத்திருக்கின்றன. பாறையேறுவோருக்கு அடிக்கடி காயம் ஏற்படும் இடம் அப்பட்டைகளே. தசை சில வாரங்களில் வலுப்பெறும். நாணும் பட்டையும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். ஆதலால், 'நேற்றைவிட இன்று அதிகம்' என்னும் ஆசை இங்கு ஆபத்தானது.

வளரும் பிள்ளைகளுக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. எலும்பு நீள்வதற்கு இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் இறுகாத பருவத்தில், விரல் நுனிகளில் முழு எடையைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் அத்தட்டிலேயே முறிவு உண்டாகலாம். உயரம் விரைந்து கூடும் ஆண்டுகளில் இந்த ஆபத்து மிகுதி. விரலின் நடு மூட்டில், மேற்புறமாக வலி தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். பொறுத்துக்கொள்வது இங்கு ஸப்ரு ஆகாது.

இதைக் கூறியபோது மகளின் கண்கள் கலங்கின. "அப்ப எதுக்கு அத்தா மாட்டினீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் கண்ட வழி இது: உறுதியான முக்காலி ஒன்றில் கால்களை ஊன்றி, எடையின் பெரும்பகுதியைக் கால்களே தாங்க, பலகையின் ஆழமான விளிம்பில் மட்டும் 10 விநாடி பிடிப்பு; பின்னர் 3 நிமிட ஓய்வு. வாரத்தில் இரண்டு நாள். இடையில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. 20 மில்லிமீட்டர் விளிம்பில் கால்களை எடுத்துவிட்டுத் தொங்குவது, வளர்ச்சி முடிந்ததென மருத்துவர் கூறிய பிறகே. தானாகவே நாட்காட்டியில் நாள் குறிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

உளூ

ஏறுவோர் விரல்களில் பிசின்நாடா சுற்றுவர். வியர்வை போக வெண்மாவு பூசுவர். அம்மாவு மக்னீசியம் கார்பனேட், கழுவினால் போய்விடும். நாடாவோ தண்ணீர் தோலை அடைவதைத் தடுக்கும். காயமின்றிப் பயிற்சிக்காக மட்டும் சுற்றியதாயின், உளூவுக்கு முன் அகற்றியாக வேண்டும். காயத்திற்காக மருத்துவர் கட்டியதாயின், கட்டின்மீது மஸ்ஹு செய்யும் சட்டம் பொருந்தும். அதன் விவரத்தை அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. மஃரிபுக்கு அரைமணி நேரத்திற்கு முன்பே பயிற்சி முடிய வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒன்று கூற வேண்டும். பிள்ளை கேட்பதை வீட்டிற்குள்ளேயே அமைத்துக் கொடுத்துவிட்டால் வெளியே அனுப்ப வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இந்தப் பலகை அதற்கு உதவாது. தொங்குவது ஏறுவது ஆகாது. ஏற்றத்தைச் சுவரில், தகுந்த பயிற்றுநரின் கண்காணிப்பில், கயிறும் மெத்தையும் உள்ள இடத்தில்தான் கற்க முடியும். பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் இடம் உண்டா என்று விசாரித்து வருகிறோம். அத்தகைய இடம் அறிந்த சகோதரிகள் தெரிவித்தால் நன்றியுடையோம். நீங்கள் கேட்டால் எங்கள் மகள் மட்டுமல்ல, இன்னும் பல பிள்ளைகள் பயன்பெறுவர்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், பிறர் உரிமையைப் பேணும் உள்ளத்தையும் வழங்குவானாக! ஆமீன்.